ஹெல்மெட்டைக் கண்டால் பொட்டலத்துக்கு ஆகாது

கூரியர்க்காரி வீட்டு நாய்க்கே கூரியர்க்காரர்களைக் கண்டால் ஆகவில்லை என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? கூரியர் கிடங்கில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மின்னலும் முதலில் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒரு நாள் அது அவளையே பார்த்துக் குரைத்தது. அன்றோடு அவள் சிரிப்பு போயிற்று.

மின்னல் என்பது கிடங்கில் வைத்த பெயர். பதினோரு வருடமாக அவள் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறாள். மணியை அடிப்பாள், கையெழுத்து வாங்குவாள், வாங்கியவர் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அவள் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும். மற்றவர்கள் ஒரு நாளைக்கு அறுபது பார்சல் கொடுத்தால் அவள் எண்பது கொடுப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், ஓடி ஓடிச் சேர்த்த கர்வம்தானே.

பொட்டலம் என்பது நாய்க்குட்டி. கிடங்கின் பின்பக்கத்தில், லாரியிலிருந்து சரக்கு இறக்கும் மேடைக்கு அடியில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டிருந்தது. மூன்றை யார் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். தாய் ஒரு நாள் போனது போனதுதான், திரும்பவில்லை. மிஞ்சிய ஒன்று மழைக்குப் பயந்து காலி அட்டைப்பெட்டி ஒன்றில் புகுந்து தூங்கிவிட்டது. மின்னல் அந்தப் பெட்டியைக் காலியென்று நினைத்துத் தூக்கினாள். கனத்தது. திறந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கைப்பிடி உயிர், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, அவளை ஏறிட்டுப் பார்த்தது.

பக்கத்தில் நின்ற தந்தி எட்டிப் பார்த்தார். அவர் கிடங்கிலேயே மூத்த ஆள். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் வலிக்கும் என்பதுபோல் பேசுவார், அதனால் அந்தப் பெயர்.

"பொட்டலம். விலாசம் இல்ல" என்றார்.

விலாசம் இல்லாத பொட்டலத்தைத் திருப்பி அனுப்பவும் முடியாதே. மின்னல் அதை மழைக்கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டில் இருந்தது அவளும் அவள் கணவரும். அவர் ரொட்டிக்காரர், ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவர். அவள் எழுவதற்கு முன்னால் வேலைக்குப் போய்விடுவார். மதியம் வந்து படுத்தால், அவள் வீடு திரும்பும்போது பாதித் தூக்கத்தில் இருப்பார். கல்யாணமான ஒன்பது வருடத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் விழித்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு வருடம் தேறுமோ என்னவோ. குட்டி வந்த அன்று ரொட்டிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அது அவர் கட்டைவிரலைப் பால் குடிப்பதுபோல் சப்பியது. அன்று மாலை முழுவதும் அவர் தூங்கவில்லை. ஒரு விரல் சப்பலுக்கே மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

முதல் ஒரு மாதம் பொட்டலம் வாயே திறக்கவில்லை. ஊமையோ என்றுகூட ரொட்டிக்காரர் கவலைப்பட்டார். அந்தக் கவலை சீக்கிரம் தீர்ந்தது. தொண்டை திறந்த நாளிலிருந்து, கீழே கேட் கிறீச்சிட்டால் போதும், மாடிக் கம்பிக் கதவுக்கு ஒரே ஓட்டம். வந்தவர் தலையில் ஹெல்மெட் இருந்துவிட்டால் தீர்ந்தது கதை. தண்ணீர் கேன் போடுகிறவர், மீட்டர் பார்க்கிறவர், எதிர்வீட்டுக்கு வந்து விலாசம் தவறியவர், எவரையும் விட்டுவைக்காது. அத்தனை சின்ன உடம்புக்குள் அத்தனை சத்தத்தை எங்கே அடைத்து வைத்திருந்ததோ.

பிறகுதான் அந்த நாள். மழை தூறியதால் மின்னல் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறி வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் பொட்டலம் குரைத்தது, பின்வாங்கியது, கட்டிலுக்கு அடியில் புகுந்து அங்கேயே மூத்திரம் போய்விட்டது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கூப்பிட்டாள். வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து, அவள் பாதத்தை நக்கு நக்கென்று நக்கியது. தப்பு செய்தது தான்தான் என்று நினைத்திருக்க வேண்டும்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா. வீடு அவருடையது, மாடி மட்டும் மின்னலுக்கு வாடகை. நல்ல மனுஷிதான், ஆனால் குரல் தெருமுனைவரை கேட்கும். மறுநாள் காலை மின்னல் வண்டியை எடுக்கும்போது தன் வீட்டுக் கம்பிக் கதவுக்குள் நின்றபடியே, துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"என் மகளுக்குக் குழந்தை பொறந்திருக்குன்னு உனக்குத் தெரியும்ல? இன்னும் மூணு வாரத்துல பச்சைக் குழந்தையோட இங்க வர்றா. அதுக்குள்ள அது வாயை மூடணும். இல்லேன்னா அது போகணும். உங்களைப் போகச் சொல்லல. அதைச் சொல்றேன்."

"அம்மா, சின்னக் குட்டிம்மா. பழக்கிடுறேன்."

"பழக்கு, வேணாம்னு சொல்லல. மூணு வாரம்."

வீட்டுக்காரம்மா முன்பெல்லாம் தினமும் மாடிக்கு வந்து பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அப்படியே மின்னல் வீட்டு வாசலில் நின்று அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுவார். குட்டி வந்த பிறகு ஒரு நாளும் படியேறவில்லை. தொட்டிகளுக்கு மின்னல்தான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மரக்கடைக்கு ஒரு பார்சல் இருந்தது. மரக்கடைக்காரரிடம் வாய்தவறி நாய்ப்பேச்சை எடுத்துவிட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"குரைக்குதா? அப்படிப்பட்ட நாய்தாம்மா எனக்கு வேணும்! கொண்டா, கேட்லயே கட்டிப் போடுறேன். வர்ற லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் பயப்படணும்."

கேட்டருகே ஒரு சங்கிலி ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்தது. அதன் நீளம் நாலடிகூட இருக்காது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. கட்டிலுக்கு அடியில் ஒளிகிற குட்டி இந்த இடத்தில் எதற்கு அடியில் போய் ஒளியும் என்று நினைத்தாள். "சொல்றேண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

சரி, பழக்கத்தானே வேண்டும்? மின்னல் எதையும் இழுத்தடிப்பவள் இல்லை. குரைத்தால் அதட்டிப் பார்த்தாள். "ச்சீ, சும்மா இரு!" என்று அவள் கத்தினால் அது இரண்டு மடங்கு கத்தியது.

"நீயும் சேர்ந்து குரைக்கிறேன்னு சந்தோஷப்படுது போல" என்றார் ரொட்டிக்காரர் தலையணைக்குள் இருந்து.

அடுத்து, பயம் தெளியட்டும் என்று குட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டை அதன் மூக்குக்கு நேராகக் கொண்டுபோனாள். அது நடுங்கிய நடுக்கத்தில் அவள் முழங்கால் நடுங்கியது. பிறகு ஒரு மணி நேரம் அது அவளிடமே வரவில்லை. மூன்று வாரத்தில் ஐந்து நாள் இப்படியே ஓடிவிட்டது.

ஆறாம் நாள், மருந்துப் பெட்டி கொடுக்கப்போன கால்நடை மருத்துவமனையில், மின்னல் முதன்முறையாகக் கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். அங்கிருந்த டாக்டரம்மா கட்டைக்குரல்காரர், ஒரு பூனையின் பல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குரைக்கும்போது முன்னாடி வருதா, பின்னாடி போகுதா?"

"ரெண்டும்தான் டாக்டர். ஒரு அடி முன்னாடி, ரெண்டு அடி பின்னாடி."

"வால்?"

"காலுக்கு நடுவுல."

"அப்ப அது கோபம் இல்லம்மா, பயம். 'கிட்ட வராதே, கிட்ட வராதே'ன்னு கெஞ்சுது. கெஞ்சற சத்தம் கொஞ்சம் பெருசா இருக்கு, அவ்வளவுதான். சரி, அது குரைச்சதும் அந்த ஆள் என்ன செய்றார்?"

"என்ன செய்வார்? வந்த வேலையை முடிச்சிட்டுப் போயிடுவார்."

"அப்ப அதுக்கு என்ன புரியும்?"

மின்னல் குட்டியின் இடத்தில் நின்று யோசித்தாள். குரைத்தேன், அவன் ஓடிவிட்டான். அதுதானே புரியும்? வேறென்ன புரியும்? பதினோரு வருடமாக அவள் எத்தனை கேட்டில் நின்றிருப்பாள், எத்தனை நாய் குரைத்திருக்கும், எத்தனை முறை மின்னலாய்ப் பறந்திருப்பாள்! ஒவ்வொரு நாயும் தான்தான் அவளை விரட்டியடித்ததாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் போயிருக்கும்.

"அடக் கடவுளே! இந்த ஊர்ல பாதி நாய்க்குக் குரைக்கக் கத்துக்குடுத்ததே நான்தான் போலிருக்கே" என்றாள். டாக்டரம்மா சிரித்ததில் பூனை நழுவப் பார்த்தது.

பிறகு டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "சத்தத்தை நிறுத்தப் பாக்காதீங்க. பயத்தைக் குறைங்க, சத்தம் தானா குறையும். ஹெல்மெட்டை ரொம்பத் தூரத்துல வைங்க. அது பாக்கணும், ஆனா குரைக்கக் கூடாது, அவ்வளவு தூரம். ஹெல்மெட் கண்ணுல பட்டதும் கோழித்துண்டு போடுங்க. ஹெல்மெட் போயிடுச்சா, கோழியும் போயிடணும். கிட்ட வரதா வேணாமான்னு அதுதான் முடிவு பண்ணணும், நீங்க இல்ல. அவசரப்பட்டீங்க, எல்லாம் முதல்லேருந்து. ஆமா, ஹெல்மெட்டுன்னா அதுக்கு ஏன் இவ்வளவு பயம்? முன்னாடி எங்க வளர்ந்துச்சு?"

"எங்க கிடங்குலதான்" என்றாள் மின்னல். அங்கே பயப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. கிடங்கில் பார்சல்களைத் தெருவாரியாகப் பிரிப்பது நீளமான ஒரு தகர மேஜையில். எல்லாரும் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு பூனை மேஜைமேல் கால் வைத்தது. தந்தி நிமிரக்கூட இல்லை. பக்கத்தில் இருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். டணார்! பூனை போன இடம் தெரியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூனையோ எலியோ குட்டிநாயோ, பார்சல் பக்கம் எது வந்தாலும் கிடங்கில் அதுதான் வழக்கம். யார் தொடங்கி வைத்தார்களோ, மூக்கைச் சொறிவதுபோல் எல்லாருக்கும் கை தானாகப் போகும்.

மின்னல் கையிலிருந்த பார்சலைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அந்த நாலு குட்டி இருந்துச்சே, அதுங்களையும் இப்படித்தான் விரட்டினோமா?"

"தினமும்."

"நானுமா?"

தந்தி அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வார்த்தை போதாது.

"நீதான் வேகம்" என்றார்.

அன்று வண்டியில் போகும்போதெல்லாம் அந்த டணார் அவள் தலைக்கு மேலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. எந்தக் கை அதைப் பெட்டியிலிருந்து தூக்கி மழைக்கோட்டுக்குள் வைத்ததோ, அதே கைதான் அதற்கு முன்னால் ஒரு மாதம் அதைப் பயமுறுத்தியிருக்கிறது. குட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஹெல்மெட்டை வெறுத்தது, அவளை நக்கியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைத் தூக்கி வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கடா கண்ணு" என்று அவள் அழுதபோது, அது அவள் காதைக் கடிக்கப் பார்த்தது.

மறுநாள் அவள் பழைய சாக்குகளைக் கொண்டுபோய்த் தகர மேஜைமீது விரித்துக் கட்டினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தந்தி மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் பாடம் தொடங்கியது. கூடத்தின் அந்தக் கோடியில் ஹெல்மெட் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். இந்தக் கோடியில் பொட்டலம். நடுவில் ஒரு போர்வை திரையாக. திரை விலகினால் வேகவைத்த கோழித்துண்டு மழையாகப் பொழியும். திரை மூடினால் கோழி நின்றுவிடும். முதல் நாள் அது ஹெல்மெட்டையும் கோழியையும் மாறிமாறிப் பார்த்துக் குழம்பியது. மூன்றாம் நாள் திரை விலகியதுமே மின்னலின் கையைப் பார்த்து வாலாட்டியது. தினமும் ஒரு சாண் அளவுக்கு ஹெல்மெட் கிட்டே வந்தது. மின்னலுக்கு இந்த ஒரு சாண் வேகம் உடம்பெல்லாம் அரித்தது.

"இன்னிக்கு ரெண்டு சாண் நகர்த்துவோமாங்க?" என்பாள்.

"மாவு பொங்கறதுக்கு முன்னாடி அடுப்புல வெச்சா கல்லுதான் கிடைக்கும். உக்காரு" என்பார் ரொட்டிக்காரர். வேலையில் அவர் காத்திருக்கப் பழகியவர்.

அடுத்த கட்டம், ஹெல்மெட் ஒரு தலையில் ஏற வேண்டும். தலை ரொட்டிக்காரருடையது. மாவு படிந்த பனியனோடு, தலையில் மனைவியின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அசையக் கூடாது, பேசக் கூடாது, குட்டியைப் பார்க்கக் கூடாது என்பது உத்தரவு. விடியலுக்கு முன்னாலிருந்து மாவு பிசைந்த மனிதரிடம் அசையாதே என்றால் என்ன ஆகும்? ஐந்தாவது நிமிடம் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குறட்டை வந்தது.

பொட்டலம் காதை நிமிர்த்தியது. அந்தக் குறட்டை அதற்குத் தெரிந்த குறட்டை. ஓரடி வைத்தது. நின்றது. மின்னல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கையில் கோழி இருந்தும் வீசவில்லை, கூப்பிடவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி, எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராகப் பின்னங்காலை வைத்துக்கொண்டு, அது போயே போய்விட்டது. ஹெல்மெட்டின் கண்ணாடியை முகர்ந்தது. உள்ளே தன் ஆள்தான் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு, அவர் தொடைமேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. மின்னல் அப்படியே உட்கார்ந்து அந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்தது இல்லை.

இந்த வெற்றிதான் அவள் தலைக்கு ஏறியது. இன்னும் எட்டு நாள்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை தந்தியை வரச்சொன்னாள். ஹெல்மெட்டோடு தெருமுனையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். வாசலில் பொட்டலத்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். தந்தி தெருமுனையில் தெரிந்தார், கோழி விழுந்தது, குட்டி வாலாட்டியது. பத்தடி கிட்டே வரச்சொன்னாள். வாலாட்டியது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மின்னல் மின்னல்தானே.

"வாங்கண்ணே, வாங்க, உள்ளயே வாங்க!"

தந்தி கேட்டைத் தள்ளினார். கிறீச். அதே நேரம் பின்னால் கீழ்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரம்மா ஒரு குடம் தண்ணீரோடு வெளியே வந்தார். முன்னால் ஹெல்மெட், பின்னால் வீட்டுக்காரம்மா, கழுத்தில் கயிறு, ஓட வழியில்லை. பொட்டலம் வெடித்தது. இதுவரை குரைத்ததெல்லாம் ஒத்திகை என்று ஆக்கிவிட்டது. வீட்டுக்காரம்மா அதைவிட உரக்கக் கத்தினார், குடம் கீழே விழுந்து உருண்டது.

"பிடி அதை! பிடிடி! இன்னும் என்னடி பாத்துக்கிட்டிருக்கே? நாளைக்கே கொண்டுபோய் விட்டுட்டு வா! நீ என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்!"

தந்தி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் பின்வாங்கினார். மின்னல் குட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மரக்கடைச் சங்கிலி கண்முன்னால் வந்தது. ஏதாவது சொல்லி மன்றாடலாம் என்று வீட்டுக்காரம்மாவைப் பார்த்தாள்.

வீட்டுக்காரம்மா கத்திக்கொண்டே ஒரு அடி முன்னால் வைத்தார். பிறகு இரண்டு அடி பின்னால் போனார். மறுபடி ஒரு அடி முன்னால், இரண்டு அடி பின்னால். முதுகு கம்பிக் கதவில் இடித்தது. கை பின்னால் துடைப்பத்தைத் தேடியது.

மின்னல் குட்டியை, சத்தம் கேட்டு இறங்கி வந்த கணவரிடம் கொடுத்து மாடிக்கு அனுப்பினாள். குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். கிட்டே போகாமல், நின்ற இடத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, உங்களுக்கு நாய்னா பயமாம்மா?"

"யாருக்குப் பயம்? எனக்கா? பச்சைக் குழந்தை வர்ற வீடுன்னுதான்..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் இறங்கியது. "ஆமா, பயம்தான். போதுமா? பேத்தி பொறந்ததுக்கு அப்புறமும் நாலு மாசக் குட்டிக்கு நடுங்குறேன்னு எந்த வாயால சொல்றது? அது வந்த நாள்லேருந்து நான் மாடி ஏறல. என் தொட்டி எப்படி இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

மின்னலுக்குக் கண் கலங்கியது. இரண்டு வாரமாக வாசலில் நின்று அதட்டிய இந்தக் குரலைக் கேட்டு இவளும்தான் பயந்துகொண்டிருந்தாள். கெஞ்சற சத்தம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் யாருக்குத்தான் புரிகிறது?

"செம்பருத்தி பூத்திருக்கும்மா" என்றாள். "எட்டு நாள் குடுங்க. அதைக் கீழ இறக்க மாட்டேன். நீங்களும் மேல வர வேணாம். யாரும் யார் கிட்டயும் வர வேணாம்."

வீட்டுக்காரம்மா மூக்கை உறிஞ்சினார். "எட்டு நாள்தான்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலத்திலிருந்து புதுப் பாடம். மாடிப்படி மொத்தம் பன்னிரண்டு. மேல்படியில் ரொட்டிக்காரர், அவர் காலடியில் கயிற்றோடு பொட்டலம். கீழே கம்பிக் கதவுக்குள் வீட்டுக்காரம்மா. அவர் தலை தெரிந்தால் மேலே கோழித்துண்டு விழும், மறைந்தால் நின்றுவிடும். கூடவே மின்னல் தினமும் பேக்கரியிலிருந்து சூடாக ஒரு வெண்ணெய் பன் கொண்டுவந்தாள். முதல் நாள் அதைக் கம்பிக் கதவுக்குள்ளேயே கொடுத்துவிட்டாள். இரண்டாம் நாள் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்தாள். வீட்டுக்காரம்மா எட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் நாள் ஸ்டூல் இரண்டடி தள்ளிப் போயிருந்தது. நாலாம் நாள் பன் முதல் படியில் இருந்தது. மேலே பொட்டலம் ஒரு முறை முனகியது, குரைக்கவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்காரம்மா பன்னை எடுத்தபிறகும் போகாமல், படியில் உட்கார்ந்தே சாப்பிட்டார். அன்று பொட்டலம் கொட்டாவி விட்டது.

"அதுக்கும் என்னைப் பாத்தா போரடிக்குதா?" என்றார் வீட்டுக்காரம்மா. குரலில் பழைய ஊர்க்கதைக் குரல் எட்டிப் பார்த்தது.

ஆறாம் நாள் மின்னல் பன்னை மூன்றாம் படியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஏண்டி, நில்லு. அதுக்குக் கோழி, எனக்குப் பன்னு. என்னையும் துண்டு போட்டுத்தான் பழக்குறியா?"

மின்னல் திருதிருவென்று விழித்தாள். மேலே ரொட்டிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரம்மா இருவரையும் முறைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் படிக்கு ஏறினார், பன்னை எடுத்தார், பிட்டு வாயில் போட்டார்.

"வெண்ணெய் கம்மி. நாளைக்கு நிறையத் தடவச் சொல்லு" என்றார்.

எட்டாம் நாள் மகள் வந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, மின்னல் வீட்டில்தான் இருந்தாள். மரக்கடைக்காரர் காலையில்தான் போன் செய்து, சங்கிலி தயார், எப்போது கொண்டுவருகிறாய் என்று கேட்டிருந்தார். பிறகு சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள். மேல்படியில் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள், பையில் கோழி இருந்தது. கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள், வீட்டுக்காரம்மா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே பைக்கில் வந்த மருமகன், தலையில் கறுப்பு ஹெல்மெட்டோடு, தோளில் தொட்டில் கட்டையைச் சுமந்துகொண்டு கேட்டைத் தள்ளினார். கிறீச்.

மேல்படியில் பொட்டலம் விறைத்தது. "வவ்!" என்று ஒன்று போட்டது. ஒன்றே ஒன்று. பிறகு கழுத்தைத் திருப்பி மின்னலைப் பார்த்தது. பயமாக இருக்கிறது, கோழி எங்கே என்று அந்த முகம் கேட்டது. அவள் பையைத் துழாவினாள். கீழே மகளும் மருமகனும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நாயாம்மா? மேல நாயா இருக்கு?" என்றாள் மகள். "நாய்னா உனக்கு ஆகாதே! குழந்தை வேற இருக்கு..."

வீட்டுக்காரம்மா அவளைக் கவனிக்கவே இல்லை. பேத்தியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறுகையை நீட்டி மருமகனை அங்கேயே நிறுத்தினார். தெருமுனைவரை கேட்கும் அந்தக் குரலை முடிந்தவரை தாழ்த்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நில்லுங்க. முதல்ல அந்த ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உள்ள வாங்க. நம்ம பொட்டலம் பயப்படும்."

மருமகன் ஒன்றும் புரியாமல், தொட்டில் கட்டையை இறக்கி வைத்து ஹெல்மெட்டைக் கழற்றினார். பொட்டலத்தின் வால் மெல்ல அசைய ஆரம்பித்தது. மின்னலுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்ததில், கையிலிருந்த கோழி மொத்தமும் படியில் கொட்டிவிட்டது. பொட்டலம் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டே ஒரு படி கீழே இறங்கியது. அவள் கயிற்றை இழுக்கப் போனாள்.

"விடு, விடு, அதுவா வரட்டும்" என்றார் வீட்டுக்காரம்மா. பின்வாங்கவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, குழந்தையை மகளிடம் கொடுத்தார்.

"ஏண்டி, கூட்டம் வந்துடுச்சுன்னு என் பன்னை மறந்துட்டியா? அஞ்சாம் படியில வை. நான் போய் எடுத்துக்கறேன்."